இன்னும் சொல்லுங்கள்

பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிள்ளைகள் முதலாண்டு முடிவதற்குள் படிப்பை உதறிவிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ள ஒரு மையம் இருந்தது. மையம் நடத்திய திட்டத்துக்குக் 'கைப்பிடி' என்று பெயர். 'ஒருவரும் நழுவ மாட்டார்' என்பது அதன் முழக்கம். அதைக் கட்டடத்தின் முகப்பில் ஆளுயர எழுத்தில் ஒட்டியிருந்தார்கள். மழை பெய்தால் முகப்புப் படி வழுக்கும் என்பதால் அதற்குக் கீழேயே 'கவனம், வழுக்கும்' என்று இன்னொரு பலகையும் இருந்தது.

மையத்தின் இயக்குநருக்கு மாணவர்கள் வைத்த பெயர் டிஷ்யூ சார். அவர் மேசையில், எதிரே உட்காருகிறவர் கைக்கு எட்டுகிற தூரத்தில், எப்போதும் ஒரு டிஷ்யூ பெட்டி இருக்கும். பேச்சு தொடங்கியதும் அதை இரண்டு விரலால் மெல்ல நகர்த்துவார். ஒரு தாளில் முத்திரை வாங்கிப் போக வந்த ஒருவன் அந்தப் பெட்டி தன்னை நோக்கி நகர்வதைப் பார்த்து, தனக்கு ஏதோ நேர்ந்துவிட்டதென்று பயந்து அழுதே விட்டான் என்று ஒரு கதை உலவியது. இயக்குநருக்கு இந்தக் கதை தெரியும். அதில் அவருக்கு வருத்தமில்லை. அழுதவன் படிப்பை விடவில்லை, அதுதான் கணக்கு.

கைப்பிடியின் உயிர்நாடி ஒரு செய்தி. எந்த மாணவராவது தொடர்ந்து வகுப்புக்கு வராவிட்டால் அவருடைய கைபேசிக்கு அது போகும். இயந்திரம் அனுப்பியது போல இருக்கக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு முதலாண்டு மாணவருக்கும் ஒரு துணைவர் நியமிக்கப்பட்டிருந்தார். செய்தி அவர் பெயரில்தான் போகும். அதன் வாசகத்தை எழுத ஒரு குழு போட்டார்கள். 'நீங்கள் வரவில்லை' என்பது குற்றம் சாட்டுகிறது என்றார் ஒருவர். 'காணாமல் தவித்தோம்' என்று எழுதலாம் என்றார் இன்னொருவர். சட்டத் துறைக்காரர், தவித்ததற்குச் சான்று கேட்டால் என்ன செய்வீர்கள் என்றார். கடைசியில், 'உங்களை வகுப்பில் காணவில்லை. கவனித்தோம். எதுவானாலும் சொல்லுங்கள், கேட்க ஒரு காது இருக்கிறது' என்று முடிவாயிற்று. காது பொதுவாக இரண்டு இருக்கும் என்று மருத்துவக் கல்லூரிக்காரர் முணுமுணுத்ததைக் குறிப்பில் சேர்க்கவில்லை.

மாணவர் பதில் எழுதினால் துணைவர் படித்துப் பதில் போட வேண்டும். துணைவர்களுக்கு நேரம் ஏது? ஆகவே, அவர்கள் படிக்கும்வரை காத்திருக்கும் மாணவர் மனத்துக்கு ஆறுதலாக, தானாகவே மாறி மாறிப் போகும்படி மூன்று பதில்களை இயக்குநர் தம் கையாலேயே எழுதிக் கொடுத்தார். முதலாவது, 'மனம் திறந்ததற்கு நன்றி.' இரண்டாவது, 'இது பெரிய துணிச்சல். நீங்கள் தனியாக இல்லை.' மூன்றாவது, 'இன்னும் சொல்லுங்கள்.' இது தற்காலிக ஏற்பாடு என்றுதான் சொன்னார்கள். அந்த வளாகத்தில் தற்காலிகமாகச் சேர்ந்த யாருமே ஓய்வு பெறாமல் வெளியே போனதில்லை. இந்த ஏற்பாடும் அப்படியே நிரந்தரமாயிற்று.

மற்றவர்களுக்கு முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்று இயக்குநரும் ஒரு குழுவுக்குத் துணைவராகப் பெயர் கொடுத்தார். கொடுத்த கையோடு வெளியூர்களுக்குக் கிளம்பிவிட்டார். வேறு பல்கலைக்கழகங்கள் அவரை 'கல்வியில் மனிதத் தொடுகை' என்ற தலைப்பில் பேச அழைத்துக்கொண்டிருந்தன.

அந்த ஆண்டுதான் அவருடைய அக்கா தன் மகளை அவர் வீட்டுக்கு அனுப்பினாள்.

அக்கா வேறோர் ஊரில் பல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்தாள். வாயைத் திறந்தபடி படுத்திருக்கிற நோயாளிகளிடம் தம்பியின் பெருமையைச் சொல்லுவது அவளுக்கு வழக்கம். அவர்களும் ஆட்சேபிக்கிற நிலையில் இருக்க மாட்டார்கள். மகளுக்கு என்ன படிப்பு நல்லது என்று தம்பியைத்தான் கேட்டாள். தம்பி அன்று வேறொரு கூட்டத்துக்குப் போகிற அவசரத்தில் இருந்தார். அந்தக் கூட்டத்தில் புள்ளியியல் ஆட்கள் கிடைப்பதில்லை என்று புலம்பியிருந்தார்கள். "புள்ளியியல் போடுக்கா, எதிர்காலம் இருக்கு" என்றார். யாருடைய எதிர்காலம் என்று அக்கா கேட்கவில்லை.

பெண்ணை வீட்டில் வாலு என்று கூப்பிடுவார்கள். சின்ன வயதில் அத்தனை சேட்டை. மாமா பேசுகிற மாதிரி பேசிக் காட்டி, தண்ணீர் டம்ளரை டிஷ்யூ பெட்டி போல நகர்த்தி எல்லோரையும் சிரிக்க வைப்பாள். பெட்டியும் கையுமாக வந்து இறங்கிய அன்றுகூட அப்படித்தான் இருந்தாள். அக்கா வாசலில் நின்று, "உன்ன நம்பித்தான்டா விடுறேன்" என்றாள். "என் வேலையே அதுதானேக்கா" என்றார் இவர்.

அடுத்த நாளே அவளைத் தம்முடைய குழுவில் சேர்த்துக்கொண்டார். வேறு யாராவது துணைவராக இருந்து, இயக்குநரின் அக்கா மகள் என்று சலுகை காட்டினால் பேச்சுக்கு இடமாகும் என்பது அவர் சொன்ன காரணம். வீட்டிலேயே இருக்கிற பிள்ளை, தனியாகக் கவனிக்க வேண்டிய ஒரு ஆள் குறைந்தது என்பது சொல்லாத காரணம்.

காலையில் அவளைத் தம் காரிலேயே அழைத்துப்போவார். வழியெல்லாம் அவருக்குக் கைபேசி அழைப்புகள். பெரிய வாசலில் இறங்கும்போது, "எல்லாம் நல்லாப் போகுதா?" என்பார். "போகுது மாமா" என்பாள். சாயங்காலம் அதே இடத்தில் ஏறிக்கொள்வாள். "வகுப்பெல்லாம்?" "சரியா இருக்கு மாமா." பிறகு அவர் ஒரு கூட்டத்தில் தாம் சொன்ன பதிலை முழுவதுமாகத் திரும்பச் சொல்லுவார். அவள் கேட்டுக்கொண்டு வருவாள். நல்ல பிள்ளை, அவருடைய காரில் அவ்வளவு பொறுமையாக வேறு யாரும் உட்கார்ந்ததில்லை.

இயக்குநரின் மனைவி மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்தாள். யார் முகத்தைப் பார்த்தாலும் என்ன மருந்து என்று யோசிக்கிற கண். வாலு சரியாகச் சாப்பிடுவதில்லை, சிரிப்பதும் நின்றுவிட்டது என்று அவள்தான் முதலில் சொன்னாள். இயக்குநர் மடிக்கணினியைத் திருப்பி ஒரு வளைகோட்டைக் காட்டினார். முதல் பருவத்தின் நடுவில் எல்லாப் பிள்ளைகளும் இப்படி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறுவார்கள், இந்தத் தாழ்வான வாரங்களுக்குத் 'தாழ்வாரம்' என்று தாமே பெயர் வைத்திருப்பதாக விளக்கினார். மனைவி வளைகோட்டைப் பார்த்தாள்.

"இதுல இவ எங்க இருக்கா?" என்றாள்.

"இது தனி ஆளைப் பத்தினது இல்ல. மொத்தமா பாக்கணும்."

"நம்ம வீட்ல மொத்தமே ஒருத்திதாங்க."

அன்று ஒரு முள் குத்தத்தான் செய்தது. ஒரு நாள் உட்கார்ந்து அவளிடம் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது, அது முடியட்டும் என்றும் நினைத்துக்கொண்டார். இரண்டு நினைப்பையும் ஒரே மூச்சில் நினைத்ததால் முதலாவதைச் செய்துவிட்டது போலவே இருந்தது.

*

நாட்டிலேயே சிறந்த முதலாண்டுத் திட்டம் எது என்று தேர்ந்தெடுக்கும் குழு அது. படிப்பிலிருந்து விலகுவதற்கான கெடு முடிகிற நாளாகப் பார்த்துத்தான் வருவார்கள். அன்று மாலைக்குள் விலகுகிறவருக்குப் பதிவில் எந்தக் கறையும் இருக்காது. அடுத்த ஆண்டு வேறு படிப்பில் புதிதாகச் சேரலாம். அந்த மாலையைத் தாண்டிவிட்டால் வராத வகுப்புக்கெல்லாம் தோல்வி என்று ஏறிவிடும், பிறகு எந்தத் துறையும் சீந்தாது. விலகல் தாளில் துணைவர் கையெழுத்துப் போட வேண்டும். எத்தனை பேர் விலகினார்கள் என்பதை வைத்துத்தான் மதிப்பெண்.

குழுவில் மூன்று பேர். ஓய்வு பெற்ற துணைவேந்தரான அம்மையார் தலைவி. எதைக் கேட்டாலும் "அழகு, அழகு" என்பார். அவர் சொல்வதைத் தட்டச்சு செய்ய ஒரு செயலாளர். மூன்றாமவர், தட்டில் வைத்த பிஸ்கட்டைத் தவிர வேறெதிலும் அக்கறை காட்டாத ஒரு வயதான பேராசிரியர். மையத்தில் அவருக்கு அரை மணி நேரத்துக்குள் பிஸ்கட்காரர் என்று பெயர் விழுந்துவிட்டது.

வளைகோடுகளையெல்லாம் காட்டி முடித்ததும் தலைவி, திட்டத்தால் பயன்பெற்ற ஒரு மாணவரை நேரில் பார்க்கலாமா என்று கேட்டார். இயக்குநர் இதை எதிர்பார்த்துத்தான் இருந்தார். அவருடைய உதவியாளர், சுறுசுறுப்பான இளம்பெண், முதல் நாளே சொல்லியிருந்தாள்: பதில் எழுதுகிற மாணவர்கள் பெரும்பாலும் ஓரிரு தடவையோடு நிறுத்திவிடுவார்கள், ஒரே ஒருவர் மட்டும் வாரக்கணக்கில் எழுதிக்கொண்டே இருக்கிறார், அதுவும் இயக்குநரின் குழுவிலேயே. யார் என்று அவளுக்குத் தெரியாது. ரகசியம் காப்பதற்காக மாணவர்களை எண்ணாகத்தான் பார்க்க வேண்டும், எழுதியதைத் துணைவர் தவிர யாரும் படிக்கக் கூடாது என்று விதி. அந்த விதியையும் இயக்குநர்தான் எழுதினார். அந்த எண்ணுக்கு உதவியாளர், 'நாளை காலை இயக்குநர் அறைக்கு வாருங்கள். அவர் உங்களோடு பேச விரும்புகிறார்' என்று ஒரு வரி அனுப்பியிருந்தாள்.

கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தது வாலு.

உதவியாளர் வாயைத் திறந்து மூடிக்கொண்டாள். இயக்குநர், வீட்டுச் சாவியையோ எதையோ வாங்கிப் போக வந்திருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தார். பிறகு பார்க்கலாம் என்று சொல்லக் கையைக்கூடத் தூக்கினார். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. வீட்டில் பல நாளாகக் காணாத வெளிச்சம். அறையில் மற்ற மூவரும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அது அப்படியே அணைந்தது. அணைந்ததை அவர் பார்த்தார்.

"வாம்மா, உக்காரு. நீதானா அந்த நிறைய எழுதுற பொண்ணு?" என்றார் தலைவி.

வாலு மாமாவைப் பார்த்தாள். தோளில் மாட்டியிருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "ஆமா மேடம்" என்றாள்.

துணைவரிடமிருந்து பதில் வருமா என்று கேட்டார் தலைவி. வரும் என்றாள். எவ்வளவு நேரத்தில் வரும்?

"உடனே வந்துரும் மேடம். அனுப்பின அடுத்த நொடியே."

"அடுத்த நொடியேவா?" தலைவி இயக்குநர் பக்கம் திரும்பினார். "இத்தனை வேலைக்கு நடுவுலயா?" இயக்குநர் சிரிக்க முயன்றார், உதடு ஒத்துழைக்கவில்லை. செயலாளர் தட்டச்சு செய்தார். ராத்திரி எழுதினாலும் வருமா என்று தலைவி கேட்க, எப்போது எழுதினாலும் வரும், ஒரு தடவைகூட வராமல் இருந்ததில்லை என்று வாலு சொன்னாள். அவள் குரலில் கேலி இல்லை. கேலி இருந்திருந்தால் இயக்குநருக்குக் கொஞ்சம் மூச்சுவிட முடிந்திருக்கும்.

"சார் என்னம்மா எழுதுவாரு?"

"இன்னும் சொல்லுங்கன்னு எழுதுவாரு மேடம்."

"அழகு" என்றார் தலைவி. அவர் கண் கலங்கியிருந்தது. இயக்குநரின் கை பழக்கத்தில் டிஷ்யூ பெட்டியை அவர் பக்கம் நகர்த்தியது.

மாமா என்று அவள் சொல்லவில்லை. சார் என்றுதான் சொன்னாள். அக்கா மகள் வாயிலிருந்து தம்மைச் சார் என்று கேட்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. எல்லார் முன்னாலும் தம்மைக் காப்பாற்றுகிறாள் என்று புரிந்தது. புரியப் புரிய, மேசைக்கு அடியில் கால் விரல்கள் செருப்பைக் கவ்விக்கொண்டன.

அப்போதுதான் பிஸ்கட்காரர் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "இப்ப வகுப்புக்கெல்லாம் ஒழுங்காப் போறியாம்மா?" என்றார்.

வாலு மடியிலிருந்த பையின் வாரைப் பிடித்தபடி மாமாவைப் பார்த்தாள். உண்மையைச் சொல்லட்டுமா என்று கேட்கிற பார்வை இல்லை அது. நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று பார்க்கிற பார்வை.

"போறா சார். இப்ப ஒழுங்காப் போறா" என்றார் இயக்குநர்.

அவள் தலையைக் குனிந்து, ஆமாம் என்று ஆட்டினாள். தலைவி அழகு என்றார்.

*

குழுவைச் சாப்பாட்டு அறைக்கு அனுப்பிவிட்டு அவர் வெளியே ஓடினார். ஓடுகிற பழக்கம் இல்லாததால் சற்று வேகமாக நடப்பது போலத்தான் இருந்தது. கார் நிறுத்தும் இடத்தில் அவருடைய காருக்குப் பக்கத்தில் அவள் நின்றிருந்தாள். வேறு எங்கே போவாள்? கதவைத் திறந்தார். இருவரும் வழக்கம்போல முன் இருக்கைகளில் உட்கார்ந்தார்கள். கார் மட்டும் கிளம்பவில்லை.

"நீயா எழுதிட்டு இருந்தே?" என்றார்.

"ஆமா மாமா."

"எனக்குத் தெரியாதும்மா."

"தெரியும் மாமா. உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்."

பிறகு அவளாகவே சொன்னாள். முதல் சில வாரங்களிலேயே வகுப்பில் ஒன்றும் புரியாமல் போயிற்று. கேட்டால் சிரிப்பார்களோ என்று கேட்கவில்லை. கேட்காததால் இன்னும் புரியவில்லை. பாடத்தில் தடுமாறுகிறவர்களுக்கு உதவி செய்ய ஓர் இடம் இருக்கிறதுதான். ஆனால் அது மாமாவின் மையம். அங்கே போய் நின்றால் அத்தனை பேருக்கும் அவளைத் தெரியும். டிஷ்யூ சாரின் அக்கா மகளுக்கே இந்தக் கதி என்று சாயங்காலத்துக்குள் வளாகம் முழுக்கப் பரவிவிடும். அதனால் பெரிய வாசலில் இறங்கி, அவர் கார் திரும்புகிறவரை நின்று, நூலகத்தின் மேல்மாடியில் பழைய வரைபடங்கள் வைத்திருக்கும் அறைக்குப் போய்விடுவாள். அங்கே யாரும் வருவதில்லை. செய்தி முதலில் வந்தபோது, வீட்டில் வைத்துப் பேசச் சங்கடப்பட்டுக்கொண்டு மாமா இப்படி எழுதுகிறார் என்று நினைத்தாள். சந்தோஷமாக இருந்தது. எல்லாவற்றையும் எழுதினாள்.

"அப்புறம் எப்ப தெரிஞ்சுது?"

"நீங்க துணிச்சல்னு எழுதியிருந்த அன்னிக்கே காலைல கார்ல நல்லாப் போகுதான்னு கேட்டீங்க. சரி, மறந்துட்டீங்கன்னு நெனச்சேன். அப்புறம் ஒரு நாள் சோதிச்சுப் பாத்தேன். 'மாமா, குளியலறைக் குழாய் ஒழுகுது'ன்னு எழுதினேன்." அவள் உதட்டோரத்தில் பழைய வாலு ஒரு கணம் தலைகாட்டினாள். "'மனம் திறந்ததற்கு நன்றி'ன்னு வந்துச்சு."

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. அதுவும் நினைவுக்கு வந்தது.

"தெரிஞ்சுமா எழுதிட்டு இருந்தே?"

"வேற யாருகிட்ட எழுதுறது? அம்மாகிட்ட சொன்னா உங்கமேல கோவப்படுவாங்க. அத்தைகிட்ட சொன்னா உங்ககிட்ட சண்டை போடுவாங்க. அதுவாவது இன்னும் சொல்லுன்னு கேக்குதே."

நேற்று வந்த வரி அந்த மூன்றில் ஒன்றாக இல்லை. அதனால்தான் நம்பினாள். மாமா எப்படியோ எல்லாவற்றையும் படித்துவிட்டார், அதுதான் கெடுவுக்குள் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டு வந்தாள். பையைத் திறந்து ஒரு தாளை எடுத்தாள். விலகல் தாள். அவள் எழுத வேண்டியதெல்லாம் எழுதியிருந்தது. துணைவர் கையெழுத்துக்கான இடம் மட்டும் காலி.

இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டார். இது ஒரு தாழ்வாரம்தான், எல்லோரும் இறங்கி ஏறுகிறார்கள், கேட்பதற்கு முன்வந்ததே பெரிய துணிச்சல், நீ தனியாக இல்லை என்று ஆரம்பித்தார். மேடையில் இந்த இடத்தில் சற்று நிறுத்துவார். இப்போதும் நிறுத்தினார்.

"மாமா," என்றாள் அவள் மெதுவாக, "இது ரெண்டாவது பதில்."

அவர் தாளைக் கையில் வாங்கினார். இன்று இதில் கையெழுத்துப் போட்டால் அவளுக்கு ஒரு கறையும் இல்லை. ஆனால் ஒழுங்காகப் போகிறாள் என்று அவர் சொன்ன வாக்கியம் இன்னும் செயலாளரின் கணினியில் ஈரம் காயவில்லை. மாலையில் விலகினவர்களின் எண்ணிக்கையைக் குழு கேட்கும். ஒருத்தி கூடியிருப்பாள், அதுவும் அந்த ஒருத்தி. நாளை என்றால் குழு ஊர் போய்ச் சேர்ந்திருக்கும்.

"நாளைக்குப் பண்ணிக்கலாமா?" அவர் குரல்தான் அது. "கெடு தாண்டினாலும் நான் துறைத்தலைவர்கிட்ட பேசி ஏதாவது..."

"சரி மாமா" என்றாள் அவள்.

உடனே சொன்னாள். யோசிக்கவே இல்லை. தினமும் அந்த இருக்கையில் உட்கார்ந்து அவள் சொன்ன அதே சரி மாமா. எத்தனை சரி மாமாவை அவர் சரி என்றே எடுத்துக்கொண்டிருக்கிறார். அவள் கோபப்பட்டிருந்தால், அழுதிருந்தால், சமாதானப்படுத்த அவருக்குத் தெரியும். அதில் அவர் நிபுணர். ஒப்புக்கொள்கிறவளை என்ன செய்வது என்று எந்தக் கருத்தரங்கிலும் யாரும் சொல்லித்தரவில்லை.

தாளைத் தொடைமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். பேனா தாளைக் கிழித்துவிடும்போல, கோணலாக ஒரு கையெழுத்து விழுந்தது. நீயே கொண்டுபோய்க் கொடு, இங்கேயே திரும்பி வா, சாவி காரிலேயே இருக்கட்டும் என்றார். பிறகு சாப்பாட்டு அறைக்குப் போனார்.

*

தலைவி சாப்பிட்டு முடிக்கிற நேரம். இயக்குநர் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பெண் வகுப்புக்குப் போவதில்லை. போகிறாள் என்று தாம் சொன்னது பொய். பதில்கள் எல்லாம் தானாகப் போனவை, ஒன்றையும் தாம் படித்ததில்லை. அவள் தம் அக்கா மகள், தம் வீட்டில்தான் இருக்கிறாள். அவளுடைய விலகல் தாளில் இப்போதுதான் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதாகவும் சொன்னார். சொல்லி முடித்ததும் முகம் வியர்த்திருந்தது. தம்மை என்ன செய்தாலும் தகும் என்ற நிம்மதிகூட லேசாக எட்டிப்பார்த்தது.

தலைவி கையைத் துடைத்துக்கொண்டு அவரையே பார்த்தார். பார்வையில் ஒரு நெகிழ்ச்சி ஏறியது.

"முப்பது வருஷமா இந்த மாதிரி குழுவுல இருக்கேன். தன் குறையைத் தானே வந்து சொன்ன முதல் ஆள் நீங்கதான்." செயலாளர் பக்கம் திரும்பி, வெளிப்படைத்தன்மைக்கு முழு மதிப்பெண் என்றார். சற்று யோசித்து, "சொந்தக் குடும்பத்துக்கும் சலுகை காட்டாத நடுநிலை, அதையும் போடுங்க" என்றார்.

இயக்குநர், அப்படியில்லை அம்மா, நான் சொல்ல வந்தது அதுவல்ல என்றார். அந்த அடக்கத்தையும் செயலாளர் குறித்துக்கொண்டார். அவர் இன்னொரு தடவை மறுத்துப் பார்த்தார். மறுக்க மறுக்க மதிப்பெண் ஏறியது. அந்த அறையில் குற்றத்தை வாங்கிக்கொள்ள ஆளே இல்லை.

பிஸ்கட்காரர் மட்டும் எழுந்து பக்கத்தில் வந்தார். "அந்தப் பொண்ணு சாப்பிட்டுச்சா?" என்று கேட்டார்.

இயக்குநருக்குத் தெரியவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை. மேசையிலிருந்த ஒரு சாப்பாட்டுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்தார்.

வாலு தாளைக் கொடுத்துவிட்டு வந்து காரில் உட்கார்ந்திருந்தாள். பொட்டலத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், பிரிக்கவில்லை. அவர் கைபேசியை எடுத்தார்.

"நான் பேசுறேன் அக்காகிட்ட."

"அதத்தான் மாமா கேட்டிருந்தேன். எழுதினதுல."

அக்கா மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். தம்பியின் எண்ணைப் பார்த்ததுமே, விருது கிடைத்துவிட்டதா என்றாள். அவர் இல்லை என்றார். பிறகு கிடைக்கும்போல என்றார். பிறகு இதற்காகக் கூப்பிடவில்லை என்று தொடங்கி, வாலு படிப்பிலிருந்து விலகிவிட்டாள் என்றார். மேடையில் பேசுகிற எந்தச் சொல்லும் உதவிக்கு வரவில்லை. வந்த ஒன்றிரண்டையும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் அடையாளம் கண்டுகொள்வாள் என்ற பயத்தில் விழுங்கினார். புரியவில்லை என்று அவள் ஆரம்பத்திலேயே எழுதியதையும், தாம் படிக்காததையும், இன்று ஊர் முன்னால் பொய் சொன்னதையும் வரிசை இல்லாமல் கொட்டினார்.

அக்கா கத்துவாள் என்று காத்திருந்தார். கத்தினால் நல்லது.

"உன் வீட்லதானேடா இருந்தா?" என்றாள் அக்கா.

"ஆமாக்கா."

"தினமும் உன் கார்லதானே வந்தா?"

"ஆமாக்கா."

"என்னடா பேசிட்டுப் போவீங்க?"

அவர் உண்மையாகவே யோசித்தார். ஏதாவது ஒன்று, ஒரே ஒரு பேச்சு ஞாபகத்துக்கு வராதா என்று தேடினார். துணைவேந்தர் கூட்டத்தில் தாம் சொன்ன பதில் வந்தது. வெளியூர் உரைக்குக் கைதட்டல் விழுந்த இடம் வந்தது. அதற்கு முன்னும் பின்னும் அவள் என்ன சொன்னாள் என்று தேடிக்கொண்டே போனார்.

"நான்தான்க்கா பேசினேன்" என்றார்.

அக்கா பெருமூச்சு விட்டது கேட்டது. "அவகிட்டக் குடு" என்றாள்.

வாலு கைபேசியை வாங்கிக் காதில் வைத்தாள். பேசாமல் மாமாவைப் பார்த்தாள். எதற்குப் பார்க்கிறாள் என்று புரிய அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் கதவைத் திறந்து இறங்கி, சத்தம் வராமல் மூடினார். தம் காருக்கு வெளியே, காவலுக்கு நிற்கிறவர் போல நின்றார். கண்ணாடிக்குள் அவள் பேசிக்கொண்டே இருந்தாள். கையை ஆட்டினாள், கண்ணைத் துடைத்தாள், ஓரிடத்தில் சிரிக்கக்கூடச் செய்தாள். ஒரு சொல்கூட வெளியே கேட்கவில்லை. அந்த வழியாகப் போன மாணவர்கள் அவருக்கு வணக்கம் வைத்தார்கள். அவரும் பதிலுக்குத் தலையசைத்தார்.

வெகு நேரம் கழித்துக் கண்ணாடி இறங்கியது.

"அம்மா நாளைக்கு வரச் சொல்லிட்டாங்க மாமா. பஸ்ல."

"எதுக்கு பஸ்ல? நான் கொண்டு வந்து விடுறேன்னு சொல்லேம்மா."

"சொன்னேன். வேணாமாம்."

அவர் தலையை ஆட்டினார். அவள் பொட்டலத்தைப் பிரித்து ஒரு வாய் சாப்பிட்டாள். மென்று விழுங்கிவிட்டு, அவர் இன்னும் வெளியிலேயே நிற்பதைப் பார்த்தாள்.

"பஸ் நிலையம் வரைக்கும் நீங்க விடலாமான்னு கேட்டேன்," என்றாள். "யோசிச்சுச் சொல்றேன்னாங்க."